மச்சானுக்கு: டீசலா பெட்ரோலா, முடிவாகச் சொல்லவும்

ஓல்ஸ்டாட்,
வட டகோட்டா.
டிசம்பர் 4

மரியாதைக்குரிய மச்சான் வெண்டெல் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஆர்டிஸின் கணவன் நார்வல் எழுதிக்கொள்வது. அரிசோனாவில் தாங்களும் ரோவீனா அக்காவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். வீடு சௌக்கியம். இருமலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆர்டிஸும் சௌக்கியம். இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி, காற்று வடமேற்கிலிருந்து. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தாங்கள் போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் டீசல் எஞ்சினின் இழுவைச் சக்தி பற்றி. நான் மூன்று தடவை படித்தேன். ஆர்டிஸ் ஒரே தடவை படித்துவிட்டு, அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இரண்டு பேரும் தேடிப் பார்த்தோம். இல்லை.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குப் பேனா ஓடும். ஆர்டிஸின் நுரையீரலுக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது, குளிர்காலத்தில் தெற்கே எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அந்த வருஷம் செப்டம்பரில் நான் போய் முப்பத்தோரு அடி நீளத்தில், படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற டிரெய்லர் வீடு ஒன்றைப் பேசி முடித்தேன். விற்றவரே தன் வண்டியில் இழுத்து வந்து கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் பழைய பிக்கப்பைக் கொண்டுபோய் அதில் மாட்டிப் பார்த்தேன். டிரெய்லரின் எடை எட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு. பிக்கப் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்விளக்கு இரண்டும் மரத்து உச்சியைக் காட்டின. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மண்ணில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஆர்டிஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து பெரிய பிக்கப் ஒன்று வாங்கவேண்டும், அது டீசலா பெட்ரோலா என்பதுதான் கேள்வி. மூன்று குளிர்காலம் போய்விட்டது. டிரெய்லரில் இப்போது எலிகள் குடும்பம் நடத்துகின்றன, அவற்றுக்காவது ஒரு வீடு ஆயிற்று.

நான் யோசிக்காமல் இருந்தேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. தானியக் கிடங்கில் காலை காப்பி மேசை இருக்கிறதே, தாங்கள் ஊரில் இருந்தபோது உட்கார்ந்த அதே மேசை, அங்கே தினமும் இதே பேச்சுதான். டீசல்காரர்கள் ஜன்னல் பக்கம் உட்காருகிறார்கள், பெட்ரோல்காரர்கள் சுவர்ப் பக்கம் உட்காருகிறார்கள், நான் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கிக்கொண்டு மேசையின் தலைமாட்டில் உட்காருகிறேன். ஜன்னல் பக்கத்துக்குத் தலைவர் என் பக்கத்து வீட்டு லெஸ்டர். சுவர்ப் பக்கத்துக்குக் கிளிஃபர்ட், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒருநாள் லெஸ்டர், டீசல் எஞ்சின் என்றால் நாலு லட்சம் மைல் ஓடும், பெட்ரோல் அதில் பாதிகூடத் தாங்காது என்று வழக்கமான பாட்டைப் பாடினார். கிளிஃபர்ட் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நார்வலுக்கு இப்ப அறுபத்தெட்டு வயசு. வண்டி நாலு லட்சம் மைல் ஓடும்கிறே. மிச்ச மைலை யாருப்பா ஓட்டறது?" என்றார். லெஸ்டர் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுவும் ஒரு மாதிரிதான்" என்றார். மேசையே அடங்கிப்போயிற்று. நம் ஜனங்கள் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான வார்த்தை வராது என்பது தங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவர்கள் இருவரின் மனைவிமாரும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சும்மா பேசிக்கொண்டிருந்தால் ஆகாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று லெஸ்டர் தன் டீசல் பிக்கப்பை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார், உனக்கு எதற்குச் சிரமம் என்றேன். மூன்றாவது தடவை சாவியைக் கையில் வைத்து அழுத்தியதும் எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்லவேண்டும், மச்சான், இழுவையில் அதற்கு ஈடு கிடையாது. டிரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் பத்து மைல் போனேன், பின்னால் ஒன்றும் இல்லாதது போலவே இருந்தது, கழன்று விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தேன். ஆனால் குளிர் வந்ததும் டீசலுக்கு மனுஷனைவிட அதிகமாக உபசாரம் பண்ணவேண்டியிருக்கிறது. எண்ணெய் கெட்டியாகிவிடுகிறது. எங்கே நிறுத்தினாலும் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் வயரை எடுத்துப்போய் ஒரு சுவரில் செருகவேண்டியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை பெரியவர் ஜெல்மரின் அடக்கம். நாற்காலி போட உதவுவதற்காக நான் சீக்கிரமே மாதா கோயிலுக்குப் போய், கோயில் அடித்தளத்துச் சுவரில் வயரைச் செருகிவிட்டு உள்ளே இருந்தேன். கூட்டம் அதிகம், பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் முப்பது நாற்காலி வேண்டும் என்று போதகரம்மா சொன்னார். அவசரம். வண்டியில் ஏறினேன், கிளம்பினேன்.

கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்கினார்கள். வழக்கத்தைவிட அதிகமாகவே தூக்கினார்கள். நடந்து போனவர்கள்கூட நின்று இரண்டு கையையும் ஆட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்ச் சாலைகளில் பனி ஒதுக்கியவனை ஊர் இன்னும் மறக்கவில்லை என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. எல்லோருக்கும் பதிலுக்கு விரல் தூக்கிக்கொண்டே போனேன். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன்தான் எனக்குப் பின்னால் கையைக் காட்டினான். இறங்கிப் பார்த்தேன். இருபத்தைந்து அடி ஆரஞ்சு நிற வயர், அதன் நுனியில் மின்சாரப் பெட்டி, அந்தப் பெட்டியோடு கோயில் சுவரிலிருந்து பிய்ந்து வந்த ஒரு முழம் பலகை. அங்கே அடித்தளத்தில் இரண்டு பெரிய காப்பிக் கொப்பரைகளும் அதே மின்சாரத்தில்தான் கொதித்துக்கொண்டிருந்தனவாம். நூற்றுப் பத்துப் பேர் வந்த சாவில் யாருக்கும் காப்பி இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு அடக்கம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. நான் போய் ஜெல்மரின் மனைவி முன் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எண்பத்தெட்டு வயதுக் கிழவி, கணவனைப் புதைத்த கையோடு அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "பரவாயில்ல நார்வல், அவருக்கும் எப்பவும் அவசரந்தான்" என்றாள். திங்கட்கிழமை காப்பி மேசையில் ஜன்னல் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளிஃபர்ட் மட்டும், பெட்ரோல் வண்டி இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காது என்று சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஆகவே அடுத்த வாரம் கிளிஃபர்டின் பெட்ரோல் பிக்கப். அதையும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது. கோயில் சுவர் எதுவும் தேவைப்படவில்லை. இதுதான் நமக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு, டிரெய்லரை மாட்டி, ஆர்டிஸை உட்கார வைத்து, மேற்கே நூற்றைம்பது மைலில் இருக்கும் அவள் தோழி வீடு வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். நமக்கு மலை கிடையாது, எதிர்காற்றுதான் மலை. அன்றைக்கு எதிர்காற்று மணிக்கு முப்பத்தைந்து மைல். எஞ்சின் மூன்று கியர் கீழே இறங்கி, ஊசி போடப் பிடித்த பன்றி போல அலற ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. நானும் ஆர்டிஸும் நூறு மைல் தூரம் ஒருவரோடு ஒருவர் கத்திப் பேசினோம், எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நாங்கள் பேசியதே இல்லை. டாங்க்கில் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பெட்ரோல் போட நின்றோம். டீசல் என்றால் லாரிகள் போகிற அகலமான பாதையில் நேராக நுழைந்து நேராக வெளியே வந்துவிடலாம். பெட்ரோல் பம்ப் சின்னக் கார்களுக்கானது. முப்பத்தோரு அடி டிரெய்லரோடு நான் உள்ளே திரும்பிய பிறகுதான் எதிரே ஐஸ் விற்கிற பெட்டி இருப்பதைப் பார்த்தேன். முன்னால் போக வழியில்லை. பின்னால் இரண்டு கார் வந்து நின்றுவிட்டன.

ஆர்டிஸ் இறங்கிப் பின்பக்கம் போய் நின்று எனக்குக் கை காட்டினாள். அவள் வலது பக்கம் காட்டினால் அது அவளுடைய வலதா, என்னுடைய வலதா, டிரெய்லரின் வலதா என்று எனக்குத் தெரியவில்லை. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது எல்லாமே தலைகீழ் என்பது தங்களுக்குத் தெரியும். இருபது நிமிஷம். வெளியே வந்தபோது பம்ப்பில் ஒரு கீறல், டிரெய்லரில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது நிமிஷமும் அவள் காற்றில் நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. நான் கதவில் கை வைத்தபடி அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். மூச்சு திரும்பியதும் அவள் கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டி என்னை வெயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா, இல்ல குளிர்ல நிறுத்தி வைக்கறதுக்கா?"

நான் கதவைச் சாத்தினேன். திரும்பி வீட்டுக்கு வந்தோம். நான்கு நாள் அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது, மச்சான்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நான் யாரையும் கேட்காமல் ஃபார்கோவுக்குப் போனேன். அங்கே ஒரு வண்டிக் கடையில் என் மனசுக்குப் பிடித்த பிக்கப் நின்றது. பெட்ரோல்தான், ஆனால் பெரிய எஞ்சின், பத்து கியர், நல்ல கனமான சட்டம், எதிர்காற்றுக்கும் தாங்கும், சுவரும் வேண்டியதில்லை. விற்பனைப் பையன் டெக்ஸாஸிலிருந்து வந்தவன், தங்கமான பையன். சார், இன்றைக்கே எடுத்துக்கொண்டால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியையும் பிரேக் பெட்டியையும் நானே போட்டுத் தருகிறேன் என்றான். நான், அதெல்லாம் எதற்குப்பா, வேண்டாம் என்றேன். சார், நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றான். உனக்கு வேறு வேலை இருக்கும், எனக்காகச் சிரமப்படாதே என்றேன். மூன்றாவது தடவை அவன் கேட்கப்போகிறான் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவன், "சரிங்க சார், வந்ததுக்கு சந்தோஷம்" என்று கை குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை மறந்துவிட்டானோ, திரும்பி வந்து கேட்பானோ என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், சோயா விளைவிக்கிற யாரோ ஒருவர் என் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் ஒரே தடவையில் சரி என்று சொல்லியிருக்கவேண்டும். நம் ஊரில் ஒரு கோப்பைக் காப்பி கொடுப்பதானாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம், மூன்றாம் தடவை சரி, பாதிக் கோப்பை போதும் என்பதுதானே முறை? முதல் தடவையிலேயே கையை நீட்டுகிறவனை நாம் எப்படிப் பார்ப்போம்? டெக்ஸாஸில் அந்தப் பையனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவனைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் மச்சான், திரும்பி வரும் வழியில் தொண்ணூறு மைல் தூரமும் எனக்கு வேறொருவர் ஞாபகமாகவே இருந்தது. இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஈஸ்டருக்குத் தாங்கள் போன் பண்ணினீர்கள். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுங்கள், பின் அறை சும்மாதான் கிடக்கிறது என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். ஆகஸ்டில் மறுபடி சொன்னீர்கள். நாங்கள் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் என்றேன். ஆர்டிஸ் பக்கத்தில்தான் நின்றாள், கையில் துடைத்த தட்டோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்த மூன்றாவது வார்த்தைக்காக நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். தாங்கள் "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அரிசோனாவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தால் மனுஷனுக்கு எல்லாம் மறந்துபோகிறது. ஆர்டிஸ் துடைத்த தட்டையே மறுபடி கழுவினாள். ஆகவே நான் டிரெய்லர் வாங்கினேன். தாங்கள் மூன்றாவது தடவை கேட்காததால் டிரெய்லர், டிரெய்லரால் பிக்கப், பிக்கப்பால் தங்களின் நான்கு பக்கக் கடிதங்கள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தங்களைப் பற்றித் தவறாகப் பேசியதாகிவிடும் என்பதால்.

என்மேலும் குற்றம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு குளிர்காலம் நான் இந்த ஊரைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. பனி கொட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிப்ரவரியில் பனி இல்லாத இடத்தில் ஒருவன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. டீசலா பெட்ரோலா என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை கிளம்பவேண்டியதில்லை அல்லவா? ஆனால் போன செவ்வாய்க்கிழமை டாக்டர் ஆர்டிஸை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இந்தக் குளிர்காலமும் இங்கேதான் என்றால் அடுத்த குளிர்காலத்தைப் பற்றித் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அவரும் நம் ஊர்க்காரர்தான், சுற்றி வளைத்துத்தான் பேசுவார். அன்றைக்குச் சுற்றி வளைக்கவில்லை.

ஆகையால் இனி நான் யோசிப்பதாக இல்லை. களைத்துவிட்டேன். தாங்கள் சொல்கிறபடி செய்கிறேன். மறு தபாலில் ஒரே ஒரு வார்த்தை எழுதவும், டீசல் அல்லது பெட்ரோல். நான்கு பக்கம் வேண்டாம். தங்கள் வார்த்தை வந்ததும் வண்டியைப் பிடித்து, எலிகளை அப்புறப்படுத்தி, உறைந்த தண்ணீர்க் குழாய்களைச் சரிபார்த்து, சாலையில் பனி இல்லாத ஒரு வாரமாகப் பார்த்துக் கிளம்பினால், கடவுள் புண்ணியத்தில் பிப்ரவரி முதல் வாரம் தெற்கே எங்காவது போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

ரோவீனா அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். எலுமிச்சை மரம் காய்த்துக் குலுங்கட்டும். தங்கள் டீசல் நாலு லட்சம் மைலும் ஓடட்டும், அத்தனையையும் தாங்களே ஓட்டுவீர்களாக. முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்குச் சிரமம் தர விரும்பாத,
நார்வல் ஹௌகன்

பின்குறிப்பு: உறைமேல் முகவரி எழுதுவது எப்போதும் ஆர்டிஸ்தான், என் எழுத்து தபால்காரருக்குப் புரியாது. எழுத உட்கார்ந்தவள் கடிதத்தையும் எடுத்து முழுவதும் படித்துவிட்டாள். டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்துபோய்த் தங்களுக்குப் போன் பண்ணினாள். எடுத்தது தாங்கள்தான் என்பதால் அவள் பேசியது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் இந்தப் பக்கம் நின்று கேட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை. "அண்ணா, எனக்கு மூச்சு விட முடியல. வியாழக்கிழமை விமானத்துல வரேன். அந்தப் பின் ரூமைக் கூட்டி வை" என்றாள். அவ்வளவுதான். வானிலையைக்கூட விசாரிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்தில் சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. விமானம் என்று ஒன்று இருப்பது எங்கள் காப்பி மேசையில் மூன்று வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை, தங்கள் நான்கு பக்கங்களிலும் இல்லை.

பிறகு விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு, உங்களுக்கும் சீட்டு சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம், தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், வீட்டில் யாராவது இருக்கவேண்டும் என்றேன். வாய் பழக்கத்தில் அப்படித்தான் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு, எத்தனை சீட்டு என்று கேட்ட பெண்ணிடம், "ஒண்ணு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் எதையும் ஒன்று என்று சொல்லி வாங்கியதில்லை. இனிமேல் இந்த வீட்டில் எல்லாம் ஒன்றுதான் என்று எனக்குக் கேட்டது. "ரெண்டு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, போனிலிருந்த பெண்ணுக்கே கேட்டுவிட்டது. குழாயை லெஸ்டரும் கிளிஃபர்டும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு இறங்குகிறோம். அவளால் அதிக தூரம் நடக்க முடியாது. எந்த வண்டியில் வேண்டுமானாலும் வாருங்கள், மச்சான். சீக்கிரம் வாருங்கள்.